துவரை திருடவில்லை

புதன்கிழமை.

கோபிநத்தத்து மாதப்பன் மறுபடி பஸ் ஏறி, மைசூரில் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். மக்காச்சோள இலையெல்லாம் ஊதாவாகிவிட்டதாம்; மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்தால் அப்படி ஆகும். ஊடே அவர் மனைவி விதைத்த துவரை மட்டும் பச்சையாம்.

"மணிச்சத்து போதும்னு போன தடவ மண்ணு சீட்டுல நீங்கதானுங்க எழுதினீங்க. துவரைதான் திருடுதுன்னு பாதியப் புடுங்கிப்போட்டேன். ரெண்டு நாளா அவ எங்கூடப் பேசறதில்லீங்க."

மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைத் துவரை வேர் ஒருவகை அமிலத்தைக் கசியவிட்டுக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மக்காச்சோள வேருக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. மண்ணில் இருப்பதை எழுதிய நான், அது மக்காச்சோளத்துக்குக் கிடைக்குமா என்று யோசிக்கவே இல்லை.

விளக்கிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"இதக் காயிதத்துல எழுதிக் குடுங்க. நாஞ் சொன்னா நம்பமாட்டா."

எழுதினேன். அடியில், தப்பு என்னுடையது, அவரோடு பேசுங்கள் என்றும் சேர்த்தேன்.