நூறு நெல்லில் இருபத்தெட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நெல்லியடியில் மாமா, மாமி, நான் மூவரும் சுகம். அரியாலையில் நீங்களும் தம்பியும் சுகமா? எல்லோரும் படுத்தபின் ஒளித்திருந்து எழுதுகிறேன்.

மக்டலீன் ரீச்சர் நூற்றுவீதம் படிப்பிப்பதற்கு ஆளுக்கு நூறு நெல் கேட்டார். மாமாவின் விதைநெல் மூட்டையிலிருந்து களவாக எடுத்தேன். ஈரச் சாக்கில் வைத்து ஆறாம் நாள் எண்ணினோம். மற்றவர்களுக்குத் தொண்ணூறு வரை முளைத்தது. எனக்கு இருபத்தெட்டு.

"உன்ரை நெல்லு இன்னும் நித்திரையோடி?" என்று சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. "உது விதைக்கிற நெல்லெண்டால் உடனை வீட்டிலை சொல்லு பிள்ளை" என்றார்.

விடிந்ததும் மாமா விதைக்கப் போகிறார். சண்டையால் பாதை பூட்டியதால் வெளியிலிருந்து வேறு விதை கிடைக்காது. போன மாதம் மாமி மூட்டையைத் தொட்டதற்கே, "பொம்பிளையள் கை பட்டால் விதை முளைக்காது" என்று மாமா கத்தினார். என் கை பட்டுத்தான் கெட்டது என்று படிப்பை நிறுத்தி அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் தொட்டது நூறு நெல்லை மட்டும், அம்மா.

ஒன்பது பரப்பு வயலுக்கு வைத்த நெல்லை மூன்று பரப்பில் நெருக்கி விதைத்தால் அந்த அளவாவது விளையும். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெயும், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

மாமா எழும்பிவிட்டார். மாட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்கிறது. கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.

உங்கள் மகள்
பவளராணி