நம் கடைப் பலகையின் சிவப்பு

கரியாலூரில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறவர் இன்று மாலை வந்தார். கலர் எல்.இ.டி. பெயர்ப் பலகை வேண்டுமாம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று நம் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னாங்க, செவப்பு மட்டும் இப்டி கண்ணக் குத்துது? பச்சையும் நீலமும் அழுது வடியுது. எனக்கும் இப்டித்தான் பண்ணித் தருவீங்களா?”

ஏணி போட்டு ஏறினேன். மூடியைக் கழற்றியதும், கரண்டைக் கூட்டிக் குறைக்க நீ சால்டர் வைத்த ரெசிஸ்டர்கள் தெரிந்தன.

மூன்று நிறத்துக்கும் ஒரே அளவு கரண்டு விட்டால் மூன்றும் ஒன்றுபோல எரியாது. ஒவ்வொன்றுக்கும் ரெசிஸ்டரை மாற்றிப் போட்டு, கண்ணால் பார்த்துத்தான் சமன் செய்ய வேண்டும். அந்த வேலை உன்னுடையது. தகடு வெட்டுவதும் வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பதும் என்னுடையது. நீ சமன் செய்தால் சிவப்பு எப்போதும் தூக்கலாக இருக்கும். தியாகதுருகம் ஸ்வீட் கடைக்காரர் பலகையைத் திருப்பி அனுப்பிய அன்று உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

“உனக்கு இருக்கிறது கண்ணா, புண்ணா?”

“சமமாத்தான்டா இருக்குது. செவப்பு கொஞ்சம் கம்மின்னுகூட சொல்லுவேன்” என்று முறைத்தாய்.

பிடிவாதம் என்று நினைத்தேன். பிறகு ரயில்வே வேலைக்கு மெடிக்கல் போனாய். நிறப் புள்ளிகளுக்குள் இருந்த எண்களை உன்னால் படிக்க முடியவில்லை. உன் கண்ணுக்குச் சிவப்பு மங்கல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை கிடைக்காததை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே கடைக்கு வந்து சாவியை நீட்டினாய்.

“கண்ணே பொய்யின்னு ஆயிடுச்சி. நான் இன்னாத்த சமம் பண்றது? கடைய நீயே பாத்துக்க.”

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கோபம்தான் வந்தது.

“போறதுன்னா போ. ஊருக்கெல்லாம் போர்டு பண்றோம், நம்ம கடைக்கு இல்ல. உன் கண்ணுக்கு சமமா ஒன்னு பண்ணி மாட்டிட்டுப் போ.”

மாட்டினாய். போகவில்லை. அதன்பின் நிறத்தை நான் பார்த்துச் சொன்னேன், நீ ரெசிஸ்டரை மாற்றினாய். சாயங்காலமானால் எதிர் டீக்கடையில் நம் பலகையைப் பார்த்தபடி நிற்பாய்.

“மூணும் ஒன்னாட்டம் எரியுது பாருடா.”

“கருமமாட்டம் எரியுது” என்பேன். சிரிப்பாய்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. கடை நடக்கிறது. டீக்கடைப் பக்கம் மட்டும் நான் போவதில்லை. அங்கே நிற்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஏணியில் நின்றபடி யோசித்தேன். சிவப்புக்கு ரெசிஸ்டரை மாற்றுவது கொஞ்ச நேர வேலை. கீழே அவர் காத்திருந்தார். நல்ல ஆர்டர் வேறு. ஆனால் கள்ளக்குறிச்சியிலேயே உனக்குச் சமமாக எரிந்தது இது ஒன்றுதான். மூடியை மறுபடி மாட்டிவிட்டு இறங்கினேன்.

“இது பழுதில்லீங்க. எங்க பார்ட்னர் கண்ணுக்கு வச்சது. உங்களுத உங்க கண்ணுக்கு வச்சித் தரேன்.”

“யோசிச்சி சொல்றேங்க” என்று போனார். வருவாரோ, மாட்டாரோ.

சாலையைத் தாண்டிப் போய் டீ சொன்னேன். நீ நிற்கும் இடத்தில் நின்று பலகையைப் பார்த்தேன். கண் கூசியது. பார்த்துக்கொண்டே குடித்து முடித்தேன். கருமம், அப்படியே எரியட்டும்.