கையில் பிள்ளை, வாயில் இங்கிலீஷ்

டீச்சர்,

இன்று காலை நெத்திலிக் கருவாட்டை வெயிலில் பரப்பும்போது உங்கள் ஞாபகம் வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறினாலே நீங்கள்தான் வருகிறீர்கள். குழாயடியில், அத்தனை பெண்கள் நடுவில், "ஏளா, ஒன் கருவாட்டு நாத்தம் என் பைபிள் வரைக்கும் ஏறிட்டு" என்றீர்களே, அதை நான் மறக்கவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் மறக்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் யார், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அழியாது.

அதோடு உங்களிடம் பேச்சை நிறுத்தினேன். வேண்டுமென்றே நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில், உங்கள் ஜன்னலை ஒட்டிய சுவர் மேல் கருவாட்டைக் காயப்போட்டேன். அப்படி இருந்தவள்தான் ஒரு நாள் உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

புதுத் துறைமுகம் வந்த காலம் அது. என் வீட்டுக்காரர் சங்கு குளித்துக் காதைக் கெடுத்துக்கொண்டவர். பிறகு வின்ச் ஓட்டப் போனார், கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற வேலை. ஓர் இத்தாலிக் கப்பலில் கம்பி வடம் அறுந்து மூட்டைகள் விழுந்து, கீழே நின்ற ஆளுக்குக் கால் ஒடிந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தியது செவிடனுக்குக் கேட்கவில்லை என்று மேஸ்திரி இவர் மேல் பழியைப் போட்டான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். என் கையில் தவழக்கூடத் தொடங்காத பிள்ளை.

நடந்ததை மேலிருந்து பார்த்தவர் ஒருவர்தான், அந்தக் கப்பலில் வேலை பார்த்த மரியோ. வயிற்றில் ஆபரேஷன் ஆகவேண்டியிருந்ததால் அவரை இங்கே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. தேறியதும் விசாரணைக்கு அவராகவே வந்தார். அதிகாரியோ வடக்கத்திக்காரர், இங்கிலீஷில்தான் கேட்பார். மரியோ இங்கிலீஷில் தொடங்கி, இத்தாலியில் விழுந்து, கடைசியில் இரண்டு கையாலும் காற்றில் எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு, "இவரு கையை நான் எப்படி எழுத?" என்று சிரித்தான். அவன் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. இன்றைக்கு எதிரே வந்தாலும் அடையாளம் சொல்லுவேன்.

மறுவாரம் வரச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவருக்கு லத்தீன் பூசை தெரியும், இத்தாலி தெரியாது. மிச்சமிருந்தது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நீங்கள்தான்.

"என்னளா, கருவாடு இல்லாம வந்திருக்க?" என்று கேட்டீர்கள். நான் அழவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "சாயங்காலம் அவர இங்கன கூட்டிட்டு வா" என்றீர்கள், அவ்வளவுதான்.

மரியோ வாயில் எல்லா வார்த்தைக்கும் ஒரு வால் முளைக்கும். ரோப்பா, வின்ச்சா, ஸ்டாப்பா. வாலை வெட்டச் சொல்லி இங்கிலீஷில் அதட்டுவீர்கள். நான் சிரித்தால் என் பக்கம் திரும்புவீர்கள்: "நீ என்னத்துக்குளா சிரிக்க? அவரு ரோப்பான்னு சொல்லுதாரு, நீ ரோப்புன்னு சொல்லுத. ரெண்டுக்கும் வாலு இருக்குல்லா?" முடிந்துபோனதையும் இப்போது நடக்கிறமாதிரியே சொல்லுவார் அவர். அதையும் சலிக்காமல் திருத்தினீர்கள். ஆனால் வடம் அறுந்த இடம் வந்ததும் அவர் கை எழும்பிவிடும். கை எழும்பினால் வாய் நின்றுவிடும். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னீர்கள், தோள் ஆடியது. புத்தகத்தைப் பிடிக்கச் சொன்னீர்கள், புத்தகமே மூட்டையாகி அந்தரத்தில் தொங்கியது. "ஏளா, பிள்ளைய இங்கன கொண்டா" என்று வாங்கி அவர் கையில் வைத்தீர்கள். மனுஷன் அசையவில்லை. நழுவவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கை அடங்கியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வாய் வழியே வந்தன.

விசாரணை அன்று நாம் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. வால் இல்லாமல் நன்றாகத்தான் தொடங்கினார் மரியோ. அந்த இடம் வந்தது. கை எழும்பியது. குமாஸ்தா பேனாவை வைத்தான். நீங்கள் எழுந்தீர்கள். என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேளாமல் உள்ளே போனீர்கள், மரியோ கையில் கொடுத்தீர்கள். அதிகாரி ஏதோ அதட்டினார். நீங்கள் இங்கிலீஷில் ஒன்று சொன்னீர்கள். அவர் சிரித்துவிட்டார். திரும்பி வரும் வழியில்தான் எனக்கு அர்த்தம் சொன்னீர்கள்: "அவரு கைக்கு வெலங்கு மாட்டுதேன் சார்ன்னு சொன்னேன்."

பிள்ளை மீசையைப் பிடித்து இழுத்தான். அதையும் தாங்கிக்கொண்டு மரியோ சொன்னார். முதலில் என் வீட்டுக்காரர் வின்ச்சை நிறுத்தினார். மூட்டைகள் அந்தரத்தில் நின்றன. பிறகுதான் வடம் அறுந்தது, நைந்துபோன வடம். 'ஃபர்ஸ்ட்', 'ஸ்டாப்', 'தென்' என்பது வராந்தாவில் இருந்த எனக்கே விளங்கிற்று. குமாஸ்தாவின் பேனா ஓடியது. டீச்சர், அந்தப் பேனா ஓட ஓட என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு மூச்சு அதற்கு முன்னும் நான் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை.

வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை என் வீட்டுக்காரர் வின்ச்சில்தான் நின்றார். நிம்மதியாகச் சாப்பிட்டார், நிம்மதியாகவே கண்ணை மூடினார். அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

அன்று வாசலில் பிரியும்போது, குழாயடிப் பேச்சுக்கு வருத்தமாக ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்து நின்றேன். சொல்லவில்லை. "கருவாடு கெடந்தா கொஞ்சம் குடு. அவருக்கு வறுத்துக் குடுக்கணும்" என்றீர்கள். கொடுத்தேன். மரியோ ஒன்றுதான் கடித்துப் பார்த்தாராம். மிச்சத்தை யார் தின்றது என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே கருவாட்டை உங்கள் சுவரிலிருந்து எடுத்துக் கொல்லைப்பக்கம் மாற்றினேன். உங்களுக்காக இல்லை, அங்கேதான் காற்று என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன். இப்போது உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. "அந்தச் சுவர் மேல நல்ல வெயிலு அடிக்கி. இனி அங்கன போட்டா என்ன அத்தை, யாரு இருக்கா கேக்க?" என்கிறாள் மருமகள்.

கொல்லையில்தான் பரப்பியிருக்கிறேன், டீச்சர். நிழல் விழுகிற இடம். காய நேரமாகும். ஆகட்டும்.