றீற்றாவுக்குப் பக்கத்து இடம்

“உனக்கு எரிச்சல், கத்தரீனா.”

“எரிச்சலோ? எனக்கோ? சிநேகிதியைப் பார்க்கப் போறது எரிச்சலே?”

“அப்ப ஏன் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போறாய்?”

நேற்று, புருஷன் என்ற உரிமையில் நீங்கள் இப்படிக் கேட்டதும் நான் எழும்பிப் போய்விட்டேன். பதிலை இந்தக் கடிதத்தில் எழுதி வைத்துவிட்டே கொழும்பு பஸ் ஏறுகிறேன்.

றீற்றா கொழும்பில் மகளோடு இருக்கப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் யாரோ பிலோமினாவாம், அவளுக்கு உட்கார வாங்கில் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறாளாம். இங்கே குருநகரில் நாற்பது வருடம் அவளுக்கு இடம் பிடித்தது என் கைப்பைதானே? ஞாயிறு பூசையில் அந்தப் பிலோமினாவின் முகத்தை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

விளைமீன் குழம்பு அடுப்படியில் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள், ஆறினபடியே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்ல வேண்டாம். வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து லெனாட் வீட்டில் கொடுங்கள். திங்கட்கிழமை வந்துவிடுவேன்.

சாப்பிட்டதும் குளிசையை விழுங்க மறக்க வேண்டாம். கோபமென்றாலும் போடுங்கள்.

இன்னொன்று. இப்போதுதான் றீற்றா போன் எடுத்தாள்.

“மூண்டு பேரும் ஒரே வாங்கிலை இருப்பமடி. நான் நடுவிலை.”

நான் கேட்டேன்: “அப்ப பூசைக்குள்ளை நீ ஆரின்ரை காதுக்குள்ளை குசுகுசுப்பாய்?”