ஓடு மூடும் முன்னே

என்னங்க,

கோழி டாக்டர் போன் பண்ணார். சால்மொனெல்லாக் கிருமி இருக்காம், அதுவும் நம்ம கொண்டைக்காரிக்கு. "துள்ளிக்கிட்டுத் திரியுது, அதுக்கென்ன சோதனை"ன்னு நேத்து சண்டை போட்டீங்களே, அதே கோழிதான். அதுக்கு ஒரு நோவும் தெரியாதாம். வயித்துக்குள்ள ஓடு மூடுறதுக்கு முன்னாடியே கிருமி முட்டைக்குள்ள போயிடுமாம். "தேய்ச்சுக் கழுவுனேனே"ன்னேன். "வெளியதானேம்மா கழுவுனீங்க"ன்னார்.

கூடையில இருக்கிற முட்டையைத் தொடாதீங்க. எச்சம் பட்ட தண்ணித் தொட்டியைக் கொட்டிடுங்க, மத்ததுக்கும் பரவும். சோறு மூடி வெச்சிருக்கேன், சாவி ஜன்னல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

கொண்டைக்காரி வாசப்படியில நின்னு என்னையே பாக்குறா. இன்னைக்கும் முட்டை போட்டிருக்கா, பளிங்கு மாதிரி.

பி.கு: நேத்து கோவத்துல நீங்க குடிக்காம வெச்ச பச்சை முட்டையை, வீணாப் போகுதேன்னு நான்தான் குடிச்சேன். கொண்டைக்காரி மாதிரியே நானும் நல்லாத்தான் இருக்கேன்.