டாக்டர் முன்னால் மட்டும் வீங்காத கணுக்கால்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. தொழிற்சாலை வாசலில் முழங்கால் வரை தண்ணீர். ஆபீஸ் பிரிண்டர் மறுபடி படுத்துவிட்டது.

வேலை முடிந்து கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக். டாக்டர் நம்மவர்தான், தமிழர். கணினியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"கால் வலியா? எம்.சி. எத்தன நாளு வேணும்?"

"எம்.சி. வேணாம் டாக்டர். என்னன்னு தெரியணும்."

"சுளுக்குதாம்மா. ஓட்டத்த கொஞ்சம் நிப்பாட்டு. வேற ஏதாச்சும்?"

சொல்ல வைத்திருந்தவை:
- பிப்ரவரியில் ஏரியைச் சுற்றி ஓடும்போது சாக்கடை மூடியில் கால் மடங்கியது.
- நடந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடினால் உள்ளே, ஆழத்தில், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.
- சுளுக்கு என்றால் இத்தனை மாதமா?

சொன்னது: "சரி டாக்டர்."

கேட்காத எம்.சி.யை, ஒரு நாள் மருத்துவ விடுப்புச் சீட்டை, கையில் கொடுத்து அனுப்பினார். நாளை வேலைக்குப் போகத்தான் போகிறேன். வீட்டில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெயில். பக்கத்து பிளாக் ஆன்ட்டி ஒரு பை ரம்புத்தான் பழம் கொடுத்தார், பாதியில் எறும்பு.

நாளை அரசாங்கக் கிளினிக். அம்மா மத்தியானமே ஆரம்பித்துவிட்டார். துண்டில் ஐஸ் கட்டிக் கணுக்காலில் (இனி க.கா., எழுதி எழுதிக் கை வலிக்கிறது) ஒத்தடம். பிறகு தைலம். பிறகு நகம் வெட்டச் சொன்னார். காலையில் போட புது வெள்ளை ஸ்டாக்கிங்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"டாக்டரு கையால தொடுவாங்கல்ல. அசிங்கமா நீட்டுவியா?"

கொஞ்ச நேரம் கழித்து: "நீதான் டிகிரி முடிச்சவ. நீயே நல்லா பேசலாம். இருந்தாலும் நான் வரேன்."

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் டாக்டரிடம், வங்கியில், போலீஸ் ஸ்டேஷனில் எல்லாம் பேசத் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்க வராது.

ஜூலை 14, திங்கள்

பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே போக வேண்டும் என்று தெரியும், அதனால் காலையிலேயே வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். நம்பர் வர மத்தியானம் ஆகிவிட்டது.

இளம் பெண் டாக்டர், மலாய்க்காரர். நல்லவர். காலைத் திருப்பினார், அழுத்தினார். எல்லாம் மலாயில்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

அம்மா பின்னாலிருந்து: "கொஞ்சம்தான் டாக்டர். ரொம்ப இல்ல." டாக்டருக்குச் சமாதானம் சொல்வது போல.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. அசைவு நன்றாக இருக்கிறது. வீக்கம் இல்லை. கடைசியில் மெதுவாக, "வேலையில் மன அழுத்தம் ஏதாவது?" இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா: "மனசுல எதையாச்சும் வச்சுக்கிட்டு இருக்காத பாப்பா. எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு."

மனசுலயாம். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான்.

ஜூலை 19, சனி

தாங்க முடியாமல் ஏரிக்குப் போனேன். பழைய தூரத்தில் பாதிகூட இல்லை. முதல் சுற்று சொர்க்கம். யாரும் என்னிடம் எதுவும் கேட்காத, நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாத ஒரே இடம் அது. யூனிவர்சிட்டியிலும் அப்படித்தான். வகுப்பில் வாய் திறக்காதவள், மைதானத்தில் மட்டும் பெயர் தெரிந்தவள்.

இரண்டாவது சுற்றில் கல். நொண்டிக்கொண்டே வீடு.

அண்ணன் ஜெரோம் இன்று எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகவில்லை. சோபாவில் படுத்தபடி பார்த்தான்.

"அலாமாக். என்னா இது, கால்ல கொய்யாப்பழம் காய்ச்சிருக்கு?"

"ஓடுனேன்."

"அந்த டாக்டரம்மா வீக்கம் இல்லன்னு சொன்னாங்க? எதப் பாத்தாங்க, உன் மூஞ்சியவா?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. உண்மையில் எதைப் பார்த்தார்?

ஜூலை 27, ஞாயிறு

வானம் மப்பு. துணி காயவில்லை. நாளை மறுபடி கிளினிக்.

அம்மா ஐஸ் கட்டியோடு வந்து உட்கார்ந்தார். ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து, நேற்று மறுபடி ஓடியதில் வந்த வீக்கம் கண்ணெதிரே இறங்கியது. அம்மாவுக்குப் பெருமை.

"பாரு, எவ்ளோ அழகா வடிஞ்சிருச்சு. நாளைக்கு டாக்டரு பாத்தா ஒண்ணுமே தெரியாது."

ஒண்ணுமே தெரியாது.

பங்குச் சாமியார் வருகிறார் என்றால் அம்மா வீட்டையே கழுவி விடுவாரே, அதே மாதிரி. போன முறையும் காலை ஓய்வில் வைத்து, ஐஸ் வைத்து, மாத்திரை போட்டு, வெள்ளை ஸ்டாக்கிங் மாட்டி, நல்ல பிள்ளையாக ஒரு காலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறோம். அம்மா மட்டுமில்லை. மாத்திரை போட்டது நான். "கொஞ்சம்" என்று சொன்னது நான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு உடைந்துபோவார். எனக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

விடிந்ததும் பிளாக்கைச் சுற்றி ஓடினேன். மாத்திரை இல்லை. தரை ஈரம். கல் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பால் வாங்கப் போன ஆன்ட்டி நின்று பார்த்தார்.

அம்மா கதவைத் திறந்து என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பைத்தியமா உனக்கு? இன்னிக்கு டாக்டரு பாக்கற நாளு."

"அதுக்குத்தாம்மா."

"இப்டியேவா வருவ? வேர்வையும் சேறுமா? நான் வரமாட்டேன் போ."

வந்தார். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். கிளினிக்கில் எல்லாரும் என் ஷூவையே பார்ப்பது போல இருந்தது. காது வரை சூடு. எழுந்து ஓடிவிடலாம் என்றால் ஓடவும் முடியாது.

அதே டாக்டர். ஷூவைக் கழற்றியதும் புருவம் உயர்ந்தது. பாதத்தைக் கீழே வளைத்து, மூட்டின் முன்பக்கம் விரலால் அழுத்தினார். சத்தம் போட்டுவிட்டேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது ஏன் முன்னாடி இல்லை?"

அம்மா வாய் திறக்குமுன் நான் சொன்னேன், திக்கித் திக்கி மலாயில்: ஓடினால்தான் இப்படி. போன முறை இங்கே வரும்முன் ஐஸ் வைத்து, மாத்திரை போட்டு வந்தோம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "என்னிடம் நன்றாக இருக்கும் காலையே காட்டியிருக்கிறீர்கள்." ஸ்கேனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது அம்மா பக்கத்து சீட்டில். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 24, புதன்

வெயில். லீவு போட்டுவிட்டு அம்மாவோடு பஸ்ஸில் ஜே.பி. டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. பின்னாலேயே வந்த ஜெரோம் பார்க்கிங் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

எலும்பு டாக்டர், வயதான சீனர், போன வாரம் எடுத்த ஸ்கேனைத் திரையில் காட்டினார். க.கா. மூட்டுக்குள் இருக்கும் எலும்பின் மேல்பக்கம், குருத்தெலும்பு ஒரு இடத்தில் உடைந்து பெயர்ந்திருக்கிறது. அடியில் நீர். சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாதாம். சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு பள்ளம். அதைப் பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதி. பிறகுதான் பயம். பிறகு மறுபடி கோபம், ஏழு மாதத்துக்கும் சேர்த்து.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நடந்தால் மட்டும் போதும் என்றால் இப்படியே விட்டுவிடலாம், வலி குறையும். ஓட வேண்டும் என்றால் ஆபரேஷன். அதன் பிறகும் பழையபடி ஓடலாம் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. எது வேண்டும்?

"நடந்தா போதும் டாக்டர்," என்றார் அம்மா.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடணும்," என்றேன். தமிழில் வந்துவிட்டது. மறுபடி மலாயில் சொன்னேன்.