சூடேறினால் இறங்கும் வோல்ட்

10 மே 1975, சனி
மழை. பள்ளி விடுமுறையின் முதல் நாள். எங்கள் புறநகர் ஃபுட்ஸ்க்ரே முழுக்க ஈரக் கம்பளி நாற்றம்.

அப்பா வேலையிடத்திலிருந்து மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஒசிலஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். வால்வு போட்டது. என்னைவிட வயது கூட. அங்கே மூன்று பேர் பார்த்துக் கைவிட்டதாம். குறை: முதலில் பச்சைக் கோடு ஒழுங்காக நிற்கும், இருபது நிமிடத்தில் சுருங்கி நடுங்கும். 300 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190.

அப்பாவின் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இதைச் சரிசெய்தால் மேலாளர் கென் நிரந்தரமாக்குவார் என்று நம்பிக்கை.

"நீயும் பார் பிள்ளை. நீ கண்டுபிடிச்சால் கென்னிட்டை உன்ர பேரைத்தான் சொல்லுவன்."

12 மே, திங்கள்
பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கண்டென்சர் இரண்டையும் அப்பா மாற்றினார். பிறகு ரெக்டிஃபையர் வால்வையும். அதே 190.

நூலகப் புத்தகம், பக். 84: சப்ளையே பலவீனமா, அல்லது அதிலிருந்து ஏதோ ஒன்று அதிகமாக இழுக்கிறதா என்று முதலில் பார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"புத்தகம் எழுதுறவைக்கு ஷொக் அடிக்கிறேல்லை."

13 மே, செவ்வாய்
அப்பா வேலைக்கு, அம்மா கடைக்கு. தனியாகத் திறந்தேன். ரப்பர் செருப்பு, ஷொக் நெஞ்சுக்குப் போகாமல் இடக் கை முதுகுக்குப் பின்னால்.

சப்ளையிலிருந்து ஐந்து கம்பிகள் பிரிகின்றன. சூடேறி 190க்கு இறங்கும்வரை ஓடவிட்டேன். ஒவ்வொரு முறையும் அணைத்து, மின்சாரம் வடியக் காத்திருந்து, ஒன்றைக் கழற்றி, மறுபடி மின்சாரம் போட்டு... நான்காவது கழன்றதும் 305.

அந்தக் கிளையில் ஏழு உறுப்புகள். கம்பியைத் திரும்பப் பூட்டி, ஆறவிட்டு, அம்மாவின் ஹெயர் டிரையரால் ஒவ்வொன்றாகச் சூடாக்கினேன். ஆறாவது, மெழுகு பூசிய சின்னக் கண்டென்சர். சூடானதும் வோல்ட் மீற்றர் முள் சரிந்தது. மின்சாரம் கசிகிறது.

மாலை அப்பாவிடம் அதைக் காட்டினேன். மாற்றினார். ஒரு மணி நேரம் கோடு அசையவில்லை. என் தலையைத் தடவினார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டபின் கேட்பார் என்று மூன்று பக்கம் எழுதி, படமும் வரைந்து வைத்தேன். செய்தி பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

16 மே, வெள்ளி
வேலை நிரந்தரம். அம்மா கேசரி கிண்டினார்.

அப்பா, ரெலிபோனில், சிட்னி செல்வம் அங்கிளிடம்: "ஓம் மச்சான், நான் தனிய இருந்து பிடிச்சனான். கென் ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறார்." நான் கதவருகே. என்னைக் கண்டார். குரலைத் தாழ்த்தினார், பேச்சை மாற்றவில்லை.

அம்மா: "பதினாலு வயசுப் பெட்டை செய்தது எண்டால் அவையள் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பினம்?"

அதுவும் சரிதானோ. இல்லை, சரியில்லை.

அப்பா இதற்கு முன் பொய் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் கவனித்திருக்கவில்லை.

18 மே, ஞாயிறு
வெயில், குளிர்காற்று. அப்பா வீட்டுக்குள்ளேயே டை. "அந்தத் தாளுகளை உள்ள வை பிள்ளை." நான் எழுதிய மூன்று பக்கத்தையும் வைத்தேன்.

தேநீர்த் தட்டோடு போனபோது கென் கேட்டுக்கொண்டிருந்தார்: சூடானால் மட்டும்தானே கசியும், அத்தனை உறுப்புகளில் இதை எப்படிப் பிடித்தீர்கள்? அனுபவம் என்றார் அப்பா. கென் விடவில்லை. சந்தேகப்பட்டு அல்ல, மற்றவர்களுக்கும் காட்ட வேண்டுமாம். தாளும் பென்சிலும் நீட்டினார்.

அப்பா ஒரு சதுரம் வரைந்தார். நிறுத்தினார். என்னைக் காட்டி, தான் செய்யும்போது இவள் பக்கத்தில் நின்றவள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு தமிழில், மெல்ல:

"சொல்லு பிள்ளை."

ஹெயர் டிரையர் என்று ஒரு சொல் போதும். அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது.

கென்னுக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டேன். இரண்டு என்றார். போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.